விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது

எனக்கு எம்.எஸ்சி. சைக்காலஜி கிடைக்காமல் போனதற்கு யு.ஜி.சி.தான் காரணம் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வாகான காரணம். சுகாதாரத் துணைத் தொழில்களுக்கான 2021-ஆம் வருஷச் சட்டத்தில் வரும் படிப்புகளை இனி அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, உளவியலும் அதில் சேர்த்தி என்று 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. அந்த ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே கதவை அடைத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் ‘அடப்பாவமே’ என்கிறார்கள். அதற்கு முன் பல வருஷம் அந்தக் கதவு ஆவென்று திறந்து கிடந்ததை நானாகச் சொல்வதில்லை.

ஆசை பழைய ஆசைதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுவார்கள். கேட்பது எனக்குப் பிடிக்கும். இதற்கு ஒரு டிகிரி வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது அத்தை கேட்டார்: “படிச்சு முடிச்சா மாத்திரை எழுதித் தருவியா?”

“இல்லத்தே. அதுக்கு எம்.பி.பி.எஸ். முடிச்சு எம்.டி. சைக்யாட்ரி படிக்கணும்.”

“அப்ப நீ என்ன செய்வ?”

“உக்காந்து பேசுவேன்.”

“அதத்தான இப்பவும் செய்யிற.”

அத்தைக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. எம்.எஸ்சி. முடித்ததுமே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் எம்.ஃபில். மாதிரி ஒரு பயிற்சிப் படிப்பு முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்ய வேண்டும். இது தெரிந்த அன்று மனசு சோர்ந்தது உண்மை. ‘இவ்வளவு நீளமா? அப்படியென்றால் அடுத்த வருஷம் நிதானமாக ஆரம்பிக்கலாம்’ என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததும் உண்மை.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். மதுரை காளவாசலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்போதெல்லாம் வருமான வரிக் கணக்கை ஜூலை 31-க்குள் போடச் சொல்லி ஊரை விரட்டுவது என் வேலை. 30-ஆம் தேதி சாயங்காலம் மஞ்சப்பையில் ரசீதுகளைத் திணித்துக்கொண்டு வருகிற கடைக்காரர்களிடம், “ஏண்ணே, போன மாசமே கொண்டாந்திருக்கலாம்ல” என்று கண்டிப்பேன். தலையைச் சொறிந்தபடி நிற்பார்கள். இதற்கு நடுவில் கைப்பேசியில் என் சேர்க்கைக்கான கடைசித் தேதி வந்து போய்க்கொண்டிருக்கும். தொலைநிலைப் படிப்புக்கு ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. ஜூலையில் ஆபீஸ் வேலை என்று சாக்கு இருந்தது. ஜனவரிக்குப் பொங்கல்.

என்னை உண்மையில் கெடுத்தது நீட்டிப்புதான். கடைசித் தேதி என்று ஒன்று போடுவார்கள், அது நெருங்கும்போது இன்னும் பதினைந்து நாள் தள்ளிவைப்பார்கள். ஒருமுறை தள்ளிவைத்ததைப் பார்த்தவளுக்கு அப்புறம் எந்தக் கடைசித் தேதியும் கடைசியாகத் தெரியவில்லை.

ஒரு வழியாக ஒருநாள் காளவாசல் பாலத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டருக்குப் போனேன். போட்டோ நூறு கே.பி.க்குள் இருக்க வேண்டும். கடைத் தம்பி குறைத்துக் குறைத்துப் பார்த்தான். நூறுக்குள் வந்தபோது மூக்கு கன்னத்தோடு கலந்துவிட்டது. “பரவால்லக்கா, அளவத்தான் பாப்பாங்க” என்றான். அடுத்தது டெப் ஐ.டி. 2024-லிருந்து அது இல்லாமல் அஞ்சல் வழியில் சேர முடியாது. அதற்கு முன்னால் அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு ஆதார். என் டிகிரியில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயர் முழுசாக. திரையில் சிவப்பில் என்னமோ வந்தது. “ரெண்டும் வேற ஆள்னு சொல்லுதுக்கா.”

பான் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று வருகிறவர்களுக்கு எந்தப் படிவம், என்ன சான்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எனக்கென்று வந்தபோது, “சரி தம்பி, பைய வந்து பாத்துக்கறேன்” என்று எழுந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பெயர்த் திருத்தத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பார்க்க உட்கார்ந்தவள், கிரீந்திரசேகர் போஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதி, அவர் சொன்னதை மறுத்து வாதாடியவர். படிக்கப் படிக்கச் சுவையாக இருந்தது. சேராத படிப்பை அந்த ராத்திரியே பாதி முடித்துவிட்ட திருப்தியோடு தூங்கப் போனேன்.

என் வியாதிக்குப் பெயர் வைத்தவர்களும் உளவியல்காரர்கள்தான். ஒரு வேலைக்கு ஆகும் நாளை மனுஷன் எப்போதும் குறைத்தே கணக்குப் போடுகிறான் என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடமே எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். ஆனது 55 நாளுக்கும் மேலே. இதைப் படித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். சேர்வதற்கு முன்பே அந்தத் தகுதி எனக்கு வந்துவிட்டதே! ஆனால் அந்தப் பிள்ளைகள் தாமதித்தாலும் கடைசியில் முடித்தார்கள். அந்த வரியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தேன்.

ஆகஸ்ட் அறிவிப்புக்குப் பிறகு வேறு வழியில்லை, நேரடிக் கல்லூரிதான். எந்த டிகிரியானாலும் வரலாம் என்று போட்டிருந்த ஒரு கல்லூரிக்கு அடுத்த சேர்க்கையில் போனேன். பேராசிரியை என் மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

“பி.காம்.ல புள்ளியியல் இருந்திருக்கே. ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா என்னம்மா?”

“படிச்சேங்க மேடம். மறந்துபோச்சு.”

“சரி, மறதியைப் பத்தியே ஏதாவது சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது புளூமா ஸைகார்னிக். முடித்த வேலையைவிட அரைகுறையாக விட்ட வேலைதான் மனசில் தங்கும் என்று அந்த அம்மா 1927-லேயே எழுதியிருக்கிறார் என்றேன். சொந்த அனுபவமாகையால் தடங்கலில்லாமல் வந்தது. பேராசிரியை முதல்தடவையாகச் சிரித்தார். பேர் வெயிட்டிங் லிஸ்டில் வரும், ஆபீஸில் ஒரிஜினல் டி.சி.யைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

டி.சி. வீட்டு பீரோவில் இருந்தது.

“நாளைக்குக் காலைல மொத ஆளாக் கொண்டாந்து குடுத்துடறேண்ணே” என்றேன் ஆபீஸ் ஜன்னலில்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமம்மா” என்றார் அவர்.