ஈயின் வருகை நேரம் குறித்து ஒரு சிற்றாய்வு

ஐயத்திற்கிடமான முறையில் ஒருவர் இறந்துகிடக்கும் இடத்திற்கு யார் யார் வர வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் தெளிவாக வகுத்துள்ளது. காவல் அதிகாரி வர வேண்டும். அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர் இருவரேனும் உடனிருக்க வேண்டும். தேவைப்படின் உடல் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்த இவ்வேற்பாடு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக உள்ளது. ஆயினும் இவர்கள் அனைவருக்கும் முன்னதாக, பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்ளேயே, எந்தப் பிரிவின் கீழும் அழைக்கப்படாமல் வந்துசேர்வது ஈ. வந்த நேரத்தை அது எழுதிவைப்பதில்லை, முட்டையிட்டுச் செல்கிறது. அம்முட்டையிலிருந்து அந்நேரத்தைக் கணக்கிட்டு மீட்பதே தடயவியல் பூச்சியியலின் தலையாய பணி.

ஈ என்று பொதுப்படச் சொல்வது இத்துறையில் செல்லாது. முதலில் வருவது பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மினுங்கும் ஈ. நம் பகுதியில் இதன் முதன்மையான பிரதிநிதி கிரைசோமையா மெகாசெஃபாலா. செந்நிறப் பெருங்கண்களை உடைய இவ்வீயைக் கருவாடு காயவைக்கும் கடற்கரை ஊர்களில் காணாதவர் இல்லை; காயும் மீனுக்கு அது இழைக்கும் சேதம் பொருளாதார நூல்களிலும் இடம்பெறத்தக்கது. கண்ணோரம், மூக்குத் துளை, வாய், காயத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் இது நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அடுத்தது சதை ஈ. சாம்பல் நிறம், முதுகில் மூன்று கருங்கோடுகள், வயிற்றுப் பகுதியில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். இது பொதுவாக முட்டையிடுவதில்லை. உயிருள்ள புழுவையே ஈனுகிறது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முட்டை பொரியும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பது இதைப் பொறுத்தது. ஒருவர் அன்று மாலை ஊரில் இருந்தாரா இல்லையா என்பது அந்தச் சில மணி நேரத்தைப் பொறுத்தது.

இவ்விரண்டிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டியது கிரைசோமையா ரூஃபிஃபேசீஸ். உடல் முழுவதும் முள் போன்ற நீட்சிகளைக் கொண்ட இதன் புழு, பிணத்தை மட்டுமன்றித் தனக்கு முன்வந்த ஈக்களின் புழுக்களையும் உண்ணும். பின்வந்த சாட்சி முன்வந்த சாட்சியை விழுங்கிவிடும் நிலை வேறெந்தச் சாட்சிய முறையிலும் எதிர்கொள்ளப்பட்டதில்லை. ஆதலின் இப்புழு மிகுதியாகக் காணப்படும் உடலில், காணப்படாத புழுக்களைப் பற்றியும் ஆய்வாளர் சிந்திக்கக் கடமைப்பட்டவர். வீட்டு ஈ பெரும்பாலும் பிந்தியே வரும். அதை நெடிது ஆராய வேண்டியதில்லை.

ஈயின் ஆற்றலை மனிதர் உணர்ந்தது படிப்படியாகவே. மூன்று ஈக்கள் ஒரு குதிரையை உண்டு தீர்ப்பதில் சிங்கத்துக்குச் சளைத்தவை அல்ல என்னும் பொருள்பட 1767இல் லின்னேயஸ் எழுதினார். அவர் கணக்கில் கொண்டது அம்மூன்றின் சந்ததியையும் சேர்த்து என்பதை மறவாதிருந்தால் கூற்று முற்றிலும் நியாயமானது. ஆனால் ஈ நீதிக்குத் துணை நின்ற முதல் பதிவு அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முந்தியது. சீனாவின் சோங் வம்ச ஆட்சியில் நீதி அதிகாரியாக இருந்த சோங் சி, 1247இல் பிண ஆய்வு குறித்து ஒரு நூல் தொகுத்தார். அதில் வரும் வழக்கு ஒன்றில், வழியோரத்தில் ஒருவர் வெட்டுண்டு கிடக்கிறார். காயங்கள் கதிர் அரிவாளால் ஏற்பட்டவை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்கிறார். அக்கம்பக்கத்தார் அனைவரும் தத்தம் அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வைக்கும்படி ஆணையிடப்படுகிறது. வெயில் காலம். வரிசையாகக் கிடந்த அரிவாள்களுள் ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்க்கின்றன. கழுவித் துடைத்தாலும் இரும்பில் எஞ்சிய இரத்தத்தை மனிதக் கண் காணவில்லை; ஈ கண்டது. உரியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இவ்வழக்கைத் துறையின் தொடக்கம் என்று கொள்வது வழக்கம். கொள்ளலாம், ஒரு வரையறையுடன். அங்கு ஈ இடத்தைக் காட்டியது, காலத்தைக் காட்டவில்லை. காலத்தைக் காட்ட வேண்டுமாயின் புழு எங்கிருந்து வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அழுகும் இறைச்சியே புழுவாக மாறுகிறது என்ற நம்பிக்கை 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நிலவியது. 1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, சில சாடிகளைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்து, ஈ அணுகாத இறைச்சியில் புழு இல்லை என்று நிறுவினார். ஈக்கும் புழுவுக்கும் உள்ள பெற்றோர் பிள்ளை உறவு இவ்வாறு உறுதியான பின்னரே, புழுவின் வயதைக் கேட்பது பொருளுள்ள கேள்வி ஆயிற்று.

அக்கேள்வியை வழக்கொன்றில் முதலில் கேட்டவர்களுள் ஒருவர் பெர்ஜெரே என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1850இல் ஆர்புவா நகரில், வீடொன்றின் கணப்படுப்பைப் பழுதுபார்க்கையில் ஒரு குழந்தையின் உலர்ந்த உடல் கிடைத்தது. அப்போது குடியிருந்தோர் மீது ஐயம் விழுந்தது. உடலிலிருந்த ஈக் கூடுகளையும் அந்துப் புழுக்களையும் ஆராய்ந்த பெர்ஜெரே, இறப்பு 1848இல் நேர்ந்திருக்க வேண்டும் என்று கூற, ஐயம் முன்பு குடியிருந்தோர் மீது சென்றது. பூச்சி முழு வளர்ச்சி பெற ஓராண்டு ஆகும் என்று அவர் கருதியது பிழை. ஆயினும் வாடகைதாரரின் காலத்தைப் பூச்சியின் காலத்தோடு ஒப்பிட வேண்டும் என்ற அவருடைய முறை பிழையன்று. பின்னர், படைக் கால்நடை மருத்துவராக இருந்த மேஞ்ஞான் 1894இல் வெளியிட்ட நூலில், திறந்தவெளியில் கிடக்கும் உடலுக்குப் பூச்சிகள் எட்டு அணிகளாக முறைவைத்து வருவதை வகைப்படுத்தினார். எட்டு என்பது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. வெப்ப நாடுகளில் அணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்துவிடுகின்றன.

புழுவின் வயது அதன் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. இது உவமையன்று. பிண ஈயின் புழு மூன்று பருவங்களைக் கடக்கிறது; அதன் சுவாசத் துளைகள் இரண்டு உடலின் கடைக்கோடியில் உள்ளன. இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு துளைத்தட்டிலும் இரண்டு பிளவுகள். மூன்றாம் பருவத்தில் மூன்று. தலை இரைக்குள் புதைந்திருக்கையிலும் மூச்சு தடைபடாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. கொலை வழக்குகளில் இவ்விரண்டிற்கும் மூன்றிற்கும் உள்ள வேறுபாட்டை நுண்ணோக்கியின் கீழ் எண்ணிச் சொல்வது பொறுப்பான வேலை. எண்ணிய பின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். புழு கடிகார நேரத்தில் வளர்வதில்லை; வெப்பத்தில் வளர்கிறது. ஓர் இனம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழ் வளராது என்று கொண்டால், 30 டிகிரியில் ஒரு மணி நேரம் கழிந்தால் அதற்கு 20 டிகிரி-மணி சேர்கிறது. 15 டிகிரியில் ஐந்துதான். ஆகவே மதுரையில் ஒரு நாளில் எட்டும் வளர்ச்சியைக் கொடைக்கானல் புழு எட்டப் பல நாள்கள் ஆகலாம்; இருவரையும் ஒரே நாளில் பிறந்தவர்களாகக் கருதும் ஆய்வாளர், ஒருவரை அநியாயமாகச் சிறைக்கு அனுப்பக்கூடும். இதற்கும் மேல், புழுக்கள் திரளாகக் கூடுமிடத்தில் அவற்றின் இயக்கத்தாலேயே வெப்பம் எழுந்து, சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி மிகும். வானிலை நிலையத்தின் பதிவேட்டில் அது இராது.

இம்முறையின் பெருமையை நிலைநாட்டிய வழக்கில் எதிரி நம் நாட்டில் பிறந்தவர். பம்பாயைச் சேர்ந்த பார்சி மருத்துவரான பக் ரக்ஸ்டன் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் தொழில் நடத்திவந்தார். 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஓடையொன்றில், துண்டங்களாக்கப்பட்ட இரு பெண்களின் உடல்கள் பொட்டலங்களாகக் கிடந்தன. அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு முகமும் விரல்நுனிகளும் சிதைக்கப்பட்டிருந்தன. உடற்கூற்றியலர்கள் மண்டையோட்டின் படத்தை ரக்ஸ்டனுடைய மனைவியின் நிழற்படத்தின் மீது பொருத்திப் பார்த்தனர். கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மேர்ன்ஸ் புழுக்களை ஆராய்ந்து, வயது 12 முதல் 14 நாள் என்றார். மனைவி கடைசியாகக் காணப்பட்ட நாளோடு அது இசைந்தது. உடலின் அடையாளங்கள் அனைத்தையும் அகற்றத் தெரிந்த ஒரு மருத்துவர் புழுவைப் பொருட்படுத்தவில்லை. 1936 மே மாதத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்புழுக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஈ தன் வருகையை மட்டுமே உரைக்கிறது, இறப்பை உரைப்பதில்லை. இதை மறந்த அறிக்கைகளே குறுக்கு விசாரணையில் வீழ்கின்றன. இறப்புக்கும் வருகைக்கும் இடைப்பட்ட நேரம் பல காரணங்களால் நீளும். உடலைப் போர்வையில் சுற்றியிருந்தால் நீளும், மழையில் நீளும், குளிரில் நீளும். மாலத்தியான் போன்ற பூச்சிமருந்து உடலில் இருப்பின் ஈ தயங்கும். கொக்கெயின் இருப்பின் புழு சில கட்டங்களில் விரைந்து வளரும் என்பதை ஹவாயில் எம். லீ காஃப் குழுவினர் 1989இல் காட்டினர். அவ்வேளையில் புழு தன் வயதை மிகைப்படுத்திக் கூறும். இரவைப் பற்றியோ அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஈ இரவில் முட்டையிடாது என்பது நெடுநாள் கோட்பாடு. சிகாகோவில் பெர்னார்ட் கிரீன்பெர்க் 1990இல் இரவு முட்டைகளைக் கண்டார். பாட்டியாலாவிலும் அவ்வாறே பின்னர் பதிவாயிற்று. அவை பறந்து வந்த ஈ இட்டவையா, அருகில் உறங்கிய ஈ நடந்து வந்து இட்டவையா என்னும் கேள்வி எழுந்தது, எழுந்தது முறையே. நள்ளிரவில் நடந்த கொலைக்கும் விடியலில் நடந்த கொலைக்கும் இடையில் நிற்பது அந்த நடைதான்.

ஈ வரவே முடியாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 1977ஆம் ஆண்டு டென்னசி சான்று. கலைக்கப்பட்ட கல்லறையில் கிடந்த உடலைப் பார்த்த மானிடவியலர் வில்லியம் பாஸ், இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிராது என்று மதிப்பிட்டார். அது 1864இல் உள்நாட்டுப் போரில் மாண்ட கர்னல் வில்லியம் ஷையின் உடல். பதப்படுத்தி, மூடிய வார்ப்பிரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. பிழை ஏறத்தாழ 113 ஆண்டுகள். சில ஆண்டுகளில் நாக்ஸ்வில்லில் பாஸ் ஓர் ஆய்வு நிலத்தை அமைத்தார். அங்கு உடல் தானம் செய்தோரின் உடல்களை வெட்டவெளியில் கிடத்தி, எது எப்போது வருகிறது என்று அவருடைய மாணவர்கள் குறித்துக்கொண்டனர். அவர்களுக்கு இத்துறை கடன்பட்டுள்ளது. தானம் செய்தோருக்கு அதனினும் மிகுதியாக.

நீதிமன்றத்தில் ஈ தானே கூண்டேற இயலாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமின் 39ஆம் பிரிவும் நிபுணரின் கருத்துக்கு இடமளிப்பதால், ஈ சார்பில் அவரே பேசுகிறார். அவர் பேச்சு நிற்பதும் வீழ்வதும் சேகரிப்பைப் பொறுத்தது. உடலிலும் உடலைச் சுற்றிய மண்ணிலும் உள்ள மிகப்பெரிய புழுக்களைத் தேட வேண்டும். முதலில் வந்த தாயின் பிள்ளைகள் அவையே. எடுத்தவற்றை இரு கூறாக்க வேண்டும். ஒரு கூற்றைக் கொதிக்கும் நிலையை ஒட்டிய வெந்நீரில் இட்டு, பின் ஆல்ககாலில் வைக்க வேண்டும். நேரே ஆல்ககாலில் இட்டால் புழு சுருங்கி, அளவு தவறும். மறு கூற்றை ஈரல் கொடுத்து உயிரோடு வளர்க்க வேண்டும். ஈயாகி வெளிவரும்போது இனம் ஐயமற உறுதியாகும். குப்பியின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு சீட்டுகள் இட வேண்டும். உள்ளே இடும் சீட்டில் நாள், மணி, உடலின் எப்பகுதி என்பவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். ஆல்ககாலில் பேனா மை கரைந்துவிடும்.