தூரியல்

கிணற்றின் அடியில் படிந்து கிடப்பது தூர். அதை வெளியே எடுப்பது தூர் வாருதல். அதற்கு வேண்டிய சாமான்களை மணிக்கணக்கு வாடகையில் கொண்டுவந்து வாருவது தனித்துறை. அதற்கு நம்மிடம் இலக்கணம் இல்லை. செவ்வாப்பேட்டையில் எனக்குச் சொந்தக் கிணறும், வாடகை மோட்டாரும், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சேர்ந்து வாய்த்ததால் அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

முதலில் வரலாறு. திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது சுடுமண் உறைகிணறு கிடைத்தது. என் வீட்டுக் கிணறும் உறைகிணறுதான். சுடுமண் போய் சிமென்ட் வந்ததைத் தவிர, உறைமேல் உறை அடுக்கும் வித்தையில் இத்தனை நூற்றாண்டாக யாரும் கைவைக்கவில்லை. ஒரே வேறுபாடு, தொல்லியல் துறை வாரினால் அறிக்கை வருகிறது. நாம் வாரினால் பில் வருகிறது.

இனி வாடகைக் காலம் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி. தண்ணீர் ஏறும்போது என்று நினைப்பவர் அனுபவமில்லாதவர். கடை வாசலிலிருந்து குட்டியானை கிளம்பும்போதே தொடங்கிவிடுகிறது. வழியில் ஓட்டுநர் டீக்கு நிறுத்தினார். அந்த டீ என் கணக்கில் இரண்டு முறை ஏறியது: டீயாக ஒருமுறை, நேரமாக ஒருமுறை.

"எத்தனை அடி சார் கிணறு?" என்று கேட்டிருந்தார் கடைக்காரர்.

"நாப்பது."

"எல்லாம் இழுத்துடும் சார்."

இந்த வாக்கியம் பழையது. இத்தாலியில் இதே நம்பிக்கையோடு பம்ப் வைத்தவர்கள், அவர்கள் முழக்கணக்கில் 18 முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறாமல் நின்றதைக் கண்டார்கள். கலீலியோ 1638இல் வந்த தம் நூலில் இதை எழுதிவைத்தார். அவருடைய சீடர் டாரிசெல்லி 1644இல் எழுதிய கடிதத்தில் காரணம் சொன்னார்: பம்ப் எதையும் இழுப்பதில்லை, வெளியிலுள்ள காற்றின் எடைதான் தண்ணீரைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றுகிறது. காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர், சுமார் 34 அடிதான் ஏற்ற முடியும். ஃபுட் வால்வு ஒழுகல், குழாய் உராய்வு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி. செவ்வாப்பேட்டையில் அடிப்பதும் அதே காற்று. தரைமேல் வைத்த மோட்டார், தண்ணீர் 25 அடிக்கு இறங்கியதும் விக்கியது. பிறகு வெறும் சத்தம் மட்டும் கொடுத்தது. அட்வான்ஸ் வாங்கியவர் கலீலியோவைப் படித்ததில்லை. நான் படித்திருந்தும் கொடுத்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் எந்த ஊரிலும் ஒரு யோசனை பிறக்கும்: டீசல் என்ஜினையே பலகை போட்டு உள்ளே இறக்கினால் என்ன? தெருவில் மூன்று பேர் எனக்கு அதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். தூர் வார வந்தவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "என்ஜின் உள்ள எறங்குச்சுன்னா நான் எறங்க மாட்டேன் சார்."

அவர் சொன்னதற்கு உரை தேவை. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். என்ஜின் அதைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கிணற்றுக்குள் அது போக வழியில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் வழக்கம். ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வினை. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவர் இரண்டாவதாக விழுவார். இந்தப் பத்தியில் அங்கதம் இல்லை.

ஆகவே நீர்மூழ்கி மோட்டார் வந்தது, இரண்டாம் வாடகை. காற்றடிக்க ப்ளோயர் வந்தது, மூன்றாம் வாடகை. இடுப்பில் வடம் கட்டி அவர் இறங்க, மேலே இரண்டு பேர் வடத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். சகடையில் பாண்டு பாண்டாகச் சேறு ஏறியது.

ஏறிய தண்ணீரைப் பக்கத்துக் காலி மனையில் விட்டோம். இது மணல் கலந்த பூமி. மனைக்கும் கிணற்றுக்கும் பத்தடி. பம்ப் வெளியே தள்ளும் வேகத்தில் ஊற்றின் வேகத்தைக் கழித்தால் கிணறு வற்றும் வேகம் கிடைக்கும். மீதி கிடைத்தது பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அன்று நான் கிணற்றை மூன்று தடவை இறைத்தேன். மூன்று தடவையும் அதே தண்ணீர்தான் என்பது என் துணிபு.

தூரின் அடுக்குகளுக்கு வருவோம். மேலே வேப்பிலை, ஒரு தவளை, டென்னிஸ் பந்து. அதன் கீழ் பிளாஸ்டிக் காலம்: மூன்று மக்குகள், கைப்பிடி இல்லாமல். அடுத்து எவர்சில்வர் காலம்: நெளிந்த வாளி ஒன்று, அதைத் தேடிப்போய் அங்கேயே தங்கிவிட்ட பாதாளக் கரண்டி ஒன்று. அடியாழத்தில் பித்தளைக் காலம். அதில் ஒரு சொம்பு.

சொம்புக்கு முன் பிளீச்சிங் பவுடரை முடித்துவிடுகிறேன். ஒன்றரை மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் இருப்பது சுமார் 5,300 லிட்டர். குடிக்கும் தண்ணீருக்குப் பொதுச் சுகாதாரக் கணக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 13 கிராம். தூர் வாரியபின் கிணற்றையே கழுவும் கணக்கு வேறு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் பவுடர் முக்கால் கிலோவுக்கு மேல் போகும். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். எங்கள் தெருவில் இரண்டாம் கணக்குப்படி போட்டு முதல் கணக்குப்படி குடிக்கிறோம்.

சொம்பு முப்பது வருடத்துக்கு முன் காணாமல் போனது. சின்னச் சித்திதான் எடுத்துப்போனாள் என்பது எங்கள் வீட்டில் நிலைபெற்ற கொள்கை. அதன் பேரில் இரண்டு கல்யாணங்களுக்குப் போக்குவரத்து இல்லை. சேற்றைக் கழுவி, புளி போட்டுத் தேய்த்தபோது விளிம்பில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது தெரிந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அது இல்ல," என்றாள்.