கோழி கேள்வி, கோழி பதில்

● தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டிக் குஞ்சு பொரிக்க முடியுமா? (திருமங்கலம் வாசகர்)

தாராளமாக! எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கோழியின்றிப் பொரிக்கிறார்கள். அங்கே மண் சூளைக்காரர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண் இமையில் ஒற்றியே சூடு பார்த்தார்கள். உங்களுக்குத் தெர்மோஸ்டாட்டே இருக்கிறது. பல்பு மட்டும் குண்டு பல்பாக இருக்கட்டும். எல்இடி வெளிச்சம்தான் தரும். முட்டைக்குள் யாரும் பரீட்சைக்குப் படிக்கவில்லை. இரண்டாக மாட்டுங்கள். நடுராத்திரியில் ஃபியூஸ் போவது பல்பின் பிறவிக்குணம்.

● எத்தனை டிகிரி வைப்பது? (கரூர் வாசகி)

உள்ளே சின்ன விசிறி சுற்றினால் 37.5 செல்சியஸ். விசிறி இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5. கொஞ்சம் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும். 40-ஐத் தாண்டி நீடித்தால் வரவே வராது.

● கரன்ட் போய்விட்டால்? (சிவகாசி வாசகர்)

கம்பளியைப் போர்த்துங்கள், கரன்ட் வந்ததும் எடுத்துவிடுங்கள். தாய்க்கோழியே தினமும் எழுந்து இரை பொறுக்கப் போகிறது. அந்த இருபது நிமிடமும் முட்டைக்கு மின்வெட்டுதான்!

● கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை வைக்கலாமா? (தாம்பரம் வாசகர்)

அதை இட்ட கோழி சேவலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நேராகத் தோசைக்கல்லுக்கு அனுப்புங்கள்.

● நாட்டுக்கோழி முட்டையைக் கழுவித் துடைத்து வைக்கிறேன். சரிதானே? (பொள்ளாச்சி வாசகி)

தப்பு. கிருமி நுழையாமல் ஓட்டின்மேல் கோழியே ஒரு மெல்லிய பூச்சு பூசி அனுப்புகிறது. அதைத் தேய்த்தெடுத்துவிட்டு எதைச் சுத்தம் என்கிறீர்கள்? அழுக்கு முட்டையைக் குழம்புக்கு ஒதுக்குங்கள். இட்டு ஏழு நாள் தாண்டாததாக, ஃபிரிட்ஜைப் பார்க்காததாகப் பொறுக்கி வையுங்கள்.

● முட்டையைத் திருப்ப வேண்டுமாமே, ராத்திரி யார் கண்விழிப்பது? (மேலூர் வாசகர்)

யாரும் வேண்டாம். நாளுக்கு மூன்று தடவை, முடிந்தால் ஐந்து. ஒற்றைப்படையாகத் திருப்பினால் நேற்றிரவு படுத்த பக்கமே இன்றிரவும் படுக்காது. பென்சிலால் ஒருபுறம் வட்டம், மறுபுறம் பெருக்கல் குறி போட்டால் குழப்பமில்லை. திருப்பாத கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள். அப்போது குஞ்சு அகன்ற முனையிலுள்ள காற்றறைப் பக்கம் தலைவைக்கிறது. வாசலைத் தேடுகிறவனைப் பிடித்துச் சுற்றிவிடலாமா?

● தண்ணீர்ச் சொம்பு வைத்தும் ஈரப்பதம் ஏறவில்லையே? (அரியலூர் வாசகர்)

தட்டு வையுங்கள். ஆவி கிளம்புவது பரப்பிலிருந்து, ஆழத்திலிருந்து அல்ல. முதல் 18 நாள் 50 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல்.

● உள்ளே உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? (திண்டிவனம் வாசகி)

ஏழாம் நாள், இருட்டறை, டார்ச். கரும்புள்ளியிலிருந்து சிவப்பு நரம்புகள் பிரிந்தோடினால் உயிர். வெறும் சிவப்பு வளையம் என்றால் கரு இறந்துவிட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் கருவே கூடவில்லை. பின்னிரண்டையும் எடுத்துவிடுங்கள், கெட்டு வெடித்தால் தெருவே உங்கள் வீட்டுக்கு வழி சொல்லும்.

● கூரான முட்டையில் சேவல்தானே வரும்? (தென்காசி வாசகர்)

நம்மூர்த் திண்ணையில் சேவல். அரிஸ்டாட்டில் எழுதியதிலோ பெட்டை! இருவரும் ஓட்டைப் பார்த்துச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் குரோமோசோமில், ஓடு உருவாகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

● வாத்து முட்டையையும் சேர்த்து வைக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

கோழி 21 நாள், வாத்து 28. கோழி முட்டையைத் திருப்பக்கூடாத நாளில் வாத்து முட்டையைத் திருப்பியாக வேண்டும். தனிக்குடித்தனமே நல்லது.

● ஓட்டில் துளை விழுந்து பன்னிரண்டு மணி நேரமாகிறது, குஞ்சு வரவில்லை. ஓட்டைப் பிய்த்துவிடட்டுமா? (ஈரோடு வாசகி)

ஐயோ, கையை எடுங்கள் தாயே! உள்ளே அது சும்மா இல்லை. சவ்வில் ஓடும் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது பிய்த்தால் ரத்தம் கொட்டும். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டாலும் இயல்புதான். மூடியைத் திறந்தாலோ ஈரம் பறந்து, சவ்வு காய்ந்து, பக்கத்து முட்டைக் குஞ்சுகளையும் இறுக்கிப் பிடித்துவிடும். ஒன்றுக்கு மருத்துவம் பார்க்கப் போய்ப் பத்தைப் பறிகொடுக்காதீர்கள். 21 நாள் பொறுத்தவருக்கு இன்னொரு ராத்திரி பெரிதா?

● பிறந்த குஞ்சு கத்துகிறது. பசிதானே? (நாகர்கோவில் வாசகர்)

வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. இரண்டு நாள் தாங்கும். அந்தத் தைரியத்தில்தான் அமெரிக்காவில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலில் அனுப்புகிறார்கள்! உடம்பு காய்ந்து பஞ்சானதும் எடுத்து, முதல் வாரம் 35 டிகிரியில் வையுங்கள். பிறகு வாரம் மூன்று டிகிரி குறையுங்கள். ஏழாம் நாள் ராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்து. அதை மறந்தால் இத்தனை பாடும் வீண்.

● அடைக்கோழி இருக்கும்போது மெஷின் எதற்கு? (விருதுநகர் வாசகர்)

அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அணைக்காது. அடை மூன்று வாரம், அப்புறம் குஞ்சோடு திரிவது சில வாரம். அதுவரை முட்டை இடாது. பெட்டியில் பொரித்தால் கோழி சீக்கிரமே முட்டைக்குத் திரும்பிவிடும். ஆனால் பருந்து வந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் வேலை பெட்டிக்குத் தெரியாது. கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள், இனி நீங்கள்தான் தாய்க்கோழி!