ஏரி ரொம்பினா உள்ளான் எங்க போவும்?

வாங்க நைனா, வாங்க. பூந்தமல்லியில பொங்கலு, வடை, காப்பி எல்லாம் முடிச்சிட்டு ஒன்பது மணிக்காவது செம்பரம்பாக்கம் கரைக்கு வந்து சேர்ந்தீங்களே! பறவைங்க விடிஞ்சதுலேர்ந்து உங்களுக்காகக் காத்துக் கெடந்து, இப்பதான் சலிச்சுப்போயி எழுந்து போச்சுங்க.

சட்டை ஷோக்கா கீது தம்பி. ஆடித் திருவிழா சீரியல் லைட்டு மாதிரி மின்னுது. எதிர்க்கரை கூழைக்கடா உன்னைப் பார்த்து அதோட நோட்டுல குறிச்சிக்கினு இருக்கும்.

அந்தக் கட்டை மேல ரெக்கைய விரிச்சிக்கினு நிக்குதே, அது உன் கேமராவுக்கு போஸ் குடுக்கல கண்ணு. நீர்க்காகம். அதும் ரெக்கை தண்ணியில ஊறும். அதான் சுளுவா முங்கி மீன் புடிக்குது, மேல வந்ததும் காயவைக்குது. பாப்பா, நீ ‘வாத்து, வாத்து’ன்னு கூவினியே, நெத்தியில வெள்ளை போட்டுக்கினு கருப்பா நீந்துதே, அது நாமக்கோழி. வாத்து சாதி இல்ல, கானாங்கோழிக்குப் பங்காளி. அந்தாண்ட நத்தைகுத்தி நாரை. வாய மூடினாலும் அலகு நடுவுல சந்து தெரியும், நத்தை புடிக்கத் தோதா. அதாச்சும் வாய மூடுது. உங்க கூட்டத்துல ஒருத்தரும் மூடக் காணோம்.

உள்ளான் எங்கன்னு என்னைக் கேட்டா? ஐப்பசி, கார்த்திகை மழையில 24 அடி ஏரி ரொம்பி நிக்குது. சாண் ஒசரக் குருவி நீச்சலா அடிக்கும்? அதுக்குச் சேறு தெரிஞ்சாத்தான் சோறு. கொஞ்சமா தண்ணி நிக்கிற குட்டை, வயக்காட்டுப் பக்கம் போயிருக்கும். தண்ணி இறங்கி ஓரம் தெரியும்போது, தை, மாசியில வந்து பாருங்க. வரமாட்டீங்க, தெரியும். ரொம்பின ஏரிதானே போட்டோவுக்கு எடுப்பு! 2015 வெள்ளத்துல விநாடிக்கு 29,000 கன அடி தொறந்துவிட்டப்புறம்தான் பட்டணத்துல பாதிப்பேருக்கு இந்த ஏரி பேரே தெரிஞ்சுது.

இன்னொண்ணு. கரை கிழக்கால கீது. காலையில நின்னா வெயிலு உன் முதுகுல, வெளிச்சம் பறவை மேல. சாயங்காலம் வந்து நின்னா, கண்ணு கூசி எல்லாப் பறவையும் நீர்க்காகந்தான். போன்ல பறவைக் கூவல் போட்டுக் கூப்பிடாதீங்க. எவனோ எடத்தைப் புடிக்க வந்துட்டான்னு, பாவம், தீனிய விட்டுட்டு சண்டைக்கு அலையும்.

சரி, எத்தினி வகை எழுதினீங்க? முப்பத்தெட்டா? அதுல, கோரை ஓரமா ரொம்ப நேரமா ஆடாம நிக்குதே வெள்ளையா, அதையும் கொக்குன்னு சேர்த்தாச்சா? அது நேத்து காத்துல வந்து மாட்டின பிளாஸ்டிக் பை, நைனா. அடிச்சிடு.