பட்டப்பகலில் லைட்டு

எனக்குத் தெரிந்து, உலகத்தில் முதன்முதலாகப் பகலில் லைட் போட்டுக்கொண்டு போனவர் கிரேக்க ஞானி டயோஜெனிஸ். நடுமத்தியானத்தில் ஏதென்ஸ் தெருக்களில் கையில் விளக்கோடு அலைவாராம். என்ன சாமி என்று கேட்டால், மனுஷனைத் தேடுகிறேன் என்பாராம். ஊர் சிரித்தது. 2,300 சொச்சம் வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்துச் சிரிக்க வைத்தது பிரிட்டிஷ் பார்லிமெண்ட். நீராவி வண்டி சாலையில் வந்தால், 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போகவேண்டும் என்று 1865இல் சட்டம் போட்டார்கள். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல். வண்டி வருவது பகலிலும் பளிச்சென்று தெரியவேண்டுமாம். ஆக, அன்றைய ஹெட்லைட்டுக்கு மாதச் சம்பளமும் மத்தியானச் சாப்பாடும் தரவேண்டியிருந்தது.

பிறகு பின்லாந்து. அதன் வடகோடியில் மார்கழி பிறக்கும் முன்பே சூரியன் லீவு லெட்டர் கூடக் கொடுக்காமல் போய்விடும். பகல் என்பதே ஒரு வதந்தி. 1972இல், குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே பகலிலும் வண்டிகளில் லைட் எரியட்டும் என்றார்கள். நியாயம்தான். 1977இல் ஸ்வீடன், வருஷம் முழுக்க எரியட்டும் என்றது. ஜூன் மாதத்தில் ராத்திரி 12 மணிக்கும் சூரியன் மறையாமல் நிற்கிற ஊர்களுக்கும் சேர்த்துத்தான்!

ஆஸ்திரியா 2005இல் சட்டம் போட்டு, 2008 பிறந்ததும் வாபஸ் வாங்கியது. எல்லாக் காரும் லைட் போட்டால் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாது என்று ஒரு கட்சி. வாஸ்தவம்தானே? வந்தவர்கள் எல்லோரும் கூறைப்புடவையில் நின்றால், தாலியை யார் கழுத்தில் கட்டுவது?

கடைசியாக நாம். ராத்திரியிலேயே லைட் போடாத பரம்பரை. சைக்கிள் காலத்தில், டைனமோவைப் போட்டால் பெடல் கனக்கும் என்று, போலீஸ் தொப்பி தெரிந்த பிறகே அதைத் தட்டிவிடுவோம். பிடிபட்டால் டயரில் காற்று போகும்; தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்வோம். அப்பேர்ப்பட்ட நம்மிடம் 2017 ஏப்ரல் 1 முதல், அதுவும் முட்டாள்கள் தினத்தில், புது டூவீலர் என்றால் இன்ஜின் ஓடும்போதெல்லாம் லைட் எரிந்தே ஆகவேண்டும் என்றார்கள். நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள், சுவிட்சையே பிடுங்கிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் புது பைக் வாங்கினேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஊரே என் பாதுகாவலர் ஆகிவிட்டது. ஹெல்மெட் இல்லாமல் பத்து வருஷம் ஓட்டியபோது ஏனென்று கேட்காத ஜனங்கள், லைட் எரிவதைப் பார்த்துப் பதறினார்கள். ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்து, எதிரே வந்தவரெல்லாம் அபிநயம் பிடித்தார்கள். "அண்ணே, லைட்டு!" என்று ஸ்கூல் பையன் கத்தினான். சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் ரொம்பவே வருத்தப்பட்டார்.

"பாட்டரி எறங்கிடும் தம்பி."

"சுவிட்ச் கிடையாதுண்ணே. கவர்மெண்ட் ரூல்."

"ஷோரூம்ல நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று முடித்துக்கொண்டார்.

உச்சம் ஒரு மினி பஸ் டிரைவர். டூவீலரை ஓர் உயிரினமாகவே மதித்தறியாத இனம். அவரே வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களை விரித்தார். அப்போதுதான் உறைத்தது: ஐயா என்னைப் பார்த்துவிட்டார்! கேலி செய்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் கேலி செய்திருக்கிறார்கள். சட்டம் கேட்டதும் அவ்வளவுதானே?

இப்போது புது டூவீலர் எல்லாவற்றிலும் எரிகிறது. யாரும் கை காட்டுவதில்லை. நானும் கூறைப்புடவைக் கூட்டத்தில் ஒருத்தன். போன வாரம் டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் பதறிக்கொண்டு கையை ஆட்டினார். பழைய பாசம் பொங்க வண்டியை நிறுத்தினேன்.

"லைட்டு தானா எரியுங்கய்யா."

"அது கெடக்கட்டும் தம்பி. சைடு ஸ்டாண்ட எடு."