அகலக்கண் ஆசாமி

கையில் ஒரு கேமராவும் மனதில் இரண்டு லென்ஸும் வைத்திருப்பவர் அகலக்கண் ஆசாமி. அந்த இரண்டில் எதை வாங்குவது என்று யோசிப்பதே அவருடைய முழுநேரத் தொழில். கல்யாணத்துக்குப் படம் எடுப்பது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது, உரக்கடைக் கல்லாவில் உட்காருவது எல்லாம் நடுநடுவே பார்க்கும் சில்லறை வேலைகள். இந்த இனம் தமிழ்நாடு முழுக்க உண்டு. இருந்தாலும் கம்பம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் கூடுதலாகவே செழிக்கிறது. நிலத்தின் அமைப்பே அப்படி.

தேனி மாவட்டத்தில் சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் வழியில் உள்ள மார்க்கையன்கோட்டை இதன் வாழிடத்துக்கு நல்ல உதாரணம். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதில் ஒரு பங்கு இந்த ஊர் வயல். மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, நடுவே பச்சை. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு மலையும் ஒரே படத்தில் வேண்டும் என்று தோன்றும். கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸ் 18 மில்லிமீட்டரில் 74 பாகைதான் பார்க்கும். ஒரு மலையைப் பிடித்தால் இன்னொன்று போய்விடும். ஆசாமியின் நோய் இந்த வரப்பில்தான் தொடங்குகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு மலையையும் அடக்க 180 பாகை வேண்டும் என்பதும், அவர் கேட்டு அலையும் லென்ஸ் எதுவும் அவ்வளவு பார்க்காது என்பதும் ஆரம்பத்தில் யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொன்னாலும் காதில் ஏறாது.

நோய் முற்றும்போது சில எண்கள் மனப்பாடமாகின்றன. கேனானின் 10–22 வந்தது 2004-இல். அடுத்த வருடமே சிக்மா 10–20 வந்தது. 2008 வாக்கில் டோக்கினா 11–16-ம் டாம்ரான் 10–24-ம் கடைக்கு வந்தன. 2009-இல் நிக்கான் 10–24, 2010-இல் சிக்மா 8–16, 2014-இல் கேனானின் மலிவுப் பதிப்பான 10–18. சொந்தப் பிள்ளையின் பிறந்த நாளுக்கு நாட்காட்டியைப் பார்ப்பவர் இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார். இவை எல்லாம் சின்ன சென்சார் கொண்ட கிராப் பாடிக்கான லென்ஸ்கள். ஆகவே ஃபிலிம் கேமராக் கணக்குக்கு மாற்ற ஒவ்வோர் எண்ணையும் கேனானுக்கு 1.6-ஆலும் நிக்கானுக்கு 1.5-ஆலும் பெருக்கிச் சொல்லும் பழக்கமும் கூடவே வரும். பால்காரரிடம் அரை லிட்டர் கேட்கும்போதுகூட வாய் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கும்.

இனத்துக்குள் மூன்று கட்சிகள். முதலாவது வெளிச்சக் கட்சி. இதன் குலதெய்வம் டோக்கினா 11–16. மந்திரம் ‘டூ பாயிண்ட் எய்ட்’. எஃப் 4.5-ஐவிட எஃப் 2.8 இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும், மண்டபத்தின் மங்கல் விளக்குக்கும் மேகமலை நட்சத்திரத்துக்கும் அதுதான் சரி என்பது இவர்கள் வாதம். 11-இல் தொடங்கி 16-இல் முடிகிற ஜூம், தொடங்குமுன் முடிந்துவிடுகிறதே என்று யாராவது கேட்டால், “காலு எதுக்குய்யா இருக்கு? நடந்து போ” என்பார்கள். இதே லென்ஸின் முதல் பதிப்பு, உள்ளே மோட்டார் இல்லாத சின்ன நிக்கான் பாடிகளில் தானாக ஃபோகஸ் ஆகாது. 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது சரியானது. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போய் முதல் பதிப்போடு திரும்பியவர்கள் கட்சியில் தியாகிகளாக மதிக்கப்படுகிறார்கள்.

இரண்டாவது அகலக் கட்சி. இவர்களுக்கு 11 போதாது, 10 சுமார், 8 இருந்தால் தேவலை. சிக்மா 8–16-இன் முகப்புக் கண்ணாடி முட்டைக்கண் போலப் பிதுங்கி நிற்பதால் முன்னால் ஃபில்டர் மாட்ட வழியில்லை. அதைக் குறையாகச் சொன்னால் இவர்களுக்குக் கோபம் வரும்.

மூன்றாவது எடைக் கட்சி. கேனான் 10–18 வெறும் 240 கிராம், டோக்கினாவோ 560. போதாததற்குக் கேனானில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதியும் உண்டு. லென்ஸைப் பாடியோடு சேர்க்கும் வளையம் பிளாஸ்டிக் என்று மற்ற இரு கட்சியும் கேலி செய்யும்போது, “மேகமலைக்கு அந்தக் கல்லைத் தூக்கிட்டு வா, அப்பப் பேசுவோம்” என்று இவர்கள் பதில் சொல்வார்கள்.

மூன்று கட்சிக்கும் பொது மேடை டீக்கடை. அங்கே நடக்கும் ஆலோசனை பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும்.

“அண்ணே, டோக்கினாவா கேனானா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க.”

“நீ எதை எடுக்கப் போற?”

“எல்லாத்தையுந்தாண்ணே.”

“அப்படின்னா இருக்கிற லென்ஸே போதுமேடா.”

இதற்குமேல் பேச்சு நகராத நிலையில், டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் குறுக்கே வருவார். “ரெண்டுல எது பாக்கப் பெருசா இருக்கோ அதை வாங்குங்க தம்பி. கல்யாண வீட்ல ஒரு மதிப்பு இருக்கும்.” அங்கே சொல்லப்பட்டதில் நடைமுறைக்கு உதவுகிற ஒரே யோசனை அதுதான். டோக்கினாவின் முகப்பு 77 மில்லிமீட்டர், கேனானின் முகப்பு 67.

அடுத்த கட்டம் சோதனை. யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, சுண்ணாம்பு உரிந்த சுவரையும் விரித்து ஒட்டிய செய்தித்தாளையும் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெருக்கி, நான்கு மூலைகளையும் பார்ப்பார். நடுவில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. மூலையில் மசமசப்பு இருந்தால் அன்று சோறு இறங்காது. ஓரத்தில் இருட்டு விழுவதும் பெரிய மனக்குறை. உண்மையில் அது மிகப் பழைய வியாதி. 1900 வாக்கில் ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனம் செய்த ஹைப்பர்கான் லென்ஸ் 135 பாகை பார்த்தது. நடு வெளுத்து ஓரம் கறுத்ததால், லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவத்தில் ஒரு சின்னச் சக்கரம் வைத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தால் சக்கரம் சுழன்று நடுவெளிச்சத்தை மறைக்கும். கடைசி நேரத்தில் அதைக் கீழே தள்ளிவிட வேண்டும். இன்றைய ஆசாமி மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஆனால் தட்ட மாட்டார். லென்ஸே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சோதனை சுவரோடு நின்றால் பரவாயில்லை, கல்யாண மேடைக்கும் வரும். முப்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் எல்லாரும் அடங்க, ஆசாமி 10 மில்லிமீட்டருக்குத் திருப்புவார். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் இந்த வகை லென்ஸ், அதற்கு விலையாக ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். நடுவில் நிற்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளபடி இருக்க, வரிசையின் கோடியில் நிற்பவர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாக விழுவார். கோடியில் நிற்பவர் வழக்கமாக, சீர் வரிசையை இறக்கி வைத்துவிட்டுக் கடைசியில் மேடை ஏறிய தாய்மாமன். ஆல்பம் வந்ததும் அவர் கேட்பார்: “ஏப்பா, எல்லாருக்கும் ஒரு வயிறு, எனக்கு மட்டும் ஒன்றரை வந்திருக்கு?” இதற்கு ஒளியியலில் விளக்கம் உண்டு, உறவுமுறையில் கிடையாது. அனுபவப்பட்ட ஸ்டூடியோக்காரர்கள் கோடியில் ஒல்லியான ஆட்களாகப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் வைடைத் திருப்புகிறார்கள்.

ஒருவழியாக லென்ஸ் வீடு வந்து சேரும். எது வந்தது என்பதை வெளிச்சமோ அகலமோ எடையோ தீர்மானித்ததாகச் சான்று இல்லை. துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான் எதைக் கொண்டுவந்தாரோ, நகைச்சீட்டு முடிந்த மாதம் எது கையிருப்பில் இருந்ததோ, அதுதான் சிறந்த லென்ஸ். கட்சிக் கொள்கை அன்று மாலையே அதற்கேற்பத் திருத்தி எழுதப்படும்.

மறுநாள் விடியலில் ஆசாமி மறுபடி வரப்புக்குப் போவார். அங்கேதான் லென்ஸின் குணம் தெரியவரும். அகலமாகப் பார்க்கிற கண் எல்லாவற்றையும் சின்னதாகப் பார்க்கிறது. 18-இல் இருந்த மலை 10-இல் பாதியை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். மேல்பாதி முழுக்க வானம், கீழ்ப்பாதி முழுக்கச் சேறு, நடுவே ஒரு நீலக் கோடு. அந்தக் கோடுதான் மேகமலை. எதிரே காலடியில் கிடந்த தென்னை மட்டையோ பனையளவுக்கு நீண்டு படத்தின் நாயகனாகிவிடும்.

வைடு லென்ஸ் கிட்டப் போவதற்கானது. 11 மில்லிமீட்டரில் எஃப் 8 வைத்து, 80 சென்டிமீட்டரில் ஃபோகஸைப் போட்டுவிட்டால், கிராப் பாடியில் 40 சென்டிமீட்டர் முதல் மலை வரை எல்லாம் தெளிவாக விழும். நாற்று நடுகிற பெண்களின் கைக்கு ஒரு முழம் தள்ளிக் கேமராவை இறக்கினால், கையும் நாற்றும் பெரிதாக நிற்க, பின்னால் வயலும் மலையும் தானாக வந்து சேரும். ஆடிச் சனிக்கிழமை குச்சனூரில் எள் தீபம் ஏற்றுகிறவரின் தோளுக்குப் பக்கத்தில் நின்றால் தீபம், முகம், கூட்டம் மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து வருகிறவரையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். டோக்கினாவானாலும் கேனானானாலும் இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆசாமி கூட்டத்துக்குள் போக மாட்டார். முகப்புக் கண்ணாடியில் விபூதி விழுந்துவிடும்.

படத்தை வீட்டில் காட்டும்போது, “மலை எங்கப்பா?” என்று பிள்ளை கேட்கும். “அந்தா, மட்டைக்குப் பின்னாடி” என்று சுட்டிக்காட்டியபடியே ஆசாமி லென்ஸின் மூடியைப் போடுவார். 2023-இல் சிக்மா, 260 கிராமில் எஃப் 2.8-ஓடு ஒரு 10–18-ஐக் கொண்டுவந்து மூன்று கட்சிகளையும் ஒரே நாளில் குழப்பியது. அதே காலத்தில் கேனான் தன் மிரர்லெஸ் பாடிக்கு 150 கிராமில் இன்னொரு 10–18 விட்டது. சிலர் அந்த வழியில் போய் நோயை முதலிலிருந்து தொடங்கினார்கள். மற்றவர்கள், மலை சின்னதாக விழுகிறது என்ற குறையைத் தீர்க்க 55–250-ஆ, 70–300-ஆ என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் தூரக்கண் ஆசாமிகள். அது வேறு இனம்.