கதவுக்குப் பின்னால் சுவிட்ச்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

படுக்கையறைக் கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்தி, இருட்டில் சுவரைத் தடவினால் கிடைக்கும் சுவிட்ச் பெட்டியே இவ்வாய்வின் பொருள். தரையிலிருந்து சரியாக நாலடி உயரம். அதில் குறை சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவே அது கதவுக்குப் பின்னால் போனதற்குக் காரணம் என்பர் வீட்டுக்காரர் மரபினர். அது பொருந்தாது. அவர் கையிலிருந்த டிராயிங்கில் கதவு மறுபக்கம்தான் திறந்தது.

ஆர்க்கிடெக்ட் டிராயிங்கின் இரண்டாம் திருத்தமான ஆர்-2 பாடத்தில் கீல் வலப்புறம். சுவிட்ச், முறைப்படி, தாழ்ப்பாள் பக்கம். ஆர்-3இல் அலமாரிக்கு இடம் வேண்டி ஆர்க்கிடெக்ட் கதவைப் புரட்டினார். கணினியில் ஒரே கட்டளை. கதவின் வீச்சைக் காட்டும் கால்வட்டக் கோடு ஒன்று இடம் மாறியது, அவ்வளவே. திருத்திய இடத்தைச் சுற்றி மேகம்போல் கோடு போட வேண்டும் என்பது தொழில் மரபு. போட்டார், படிக்கட்டுக்கு. கால்வட்டத்துக்கெல்லாம் யார் மேகம் போடுவார்கள்?

மின் ஆலோசகரோ ஆர்க்கிடெக்டின் பிளானை அடியில் சாம்பல் நிறத்தில் வைத்து, அதன்மேல் தம் சுவிட்சுகளை வரைபவர். எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது மூல ஃபைலோடு தொடர்பு அறாமல், இணைத்திருந்தால் புதுப் பாடம் தானே வந்திருக்கும். ஃபைல் காணாமல் போகுமென்று அஞ்சி ஒரே தடவையாகப் பிரதி எடுத்து ஒட்டிவிட்டார். மேகமில்லாத இடத்தில் மாற்றமில்லை என்பது அவர் மதம். இரண்டு டிராயிங்கிலும் ‘குட் ஃபார் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ முத்திரை உண்டு. இரண்டும் பிழையற்றவை, ஒரே வீட்டுக்கானவை அல்ல, அவ்வளவுதான்.

மின்விசிறி வேறு கிளை. அதன் கொக்கி கான்கிரீட் போடும்போதே தளத்தில் புதைந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் விளக்குகளின் வரைபடமோ மாதங்கள் கழித்து வரும். இறக்கைக்கு நேர் மேலே டவுன்லைட் அமைய, இரவெல்லாம் அறையில் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். விசிறி எவருடைய டிராயிங்கில் வரும் என்பதில் இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை.

“எது சார் லேட்டஸ்ட்டு? நாளைக்குப் பூச்சு” என்று சுவிட்சைப் பற்றிச் சூப்பர்வைசர் போனில் கேட்டபோது ஆர்க்கிடெக்ட், மின் ஆலோசகர் இரு தரப்பும் தத்தம் பாடமே மூலபாடம் என்றன. அவர் சுவரைப் பார்த்தார். தளத்திலிருந்து வயர் பைப் எங்கே இறங்கியிருந்ததோ, அங்கேயே பெட்டியை வைத்தார்.

இப்போது ஆர்-4 வெளிவந்திருக்கிறது. கீலே வேண்டாமென்று இழுவைக் கதவு. அது திறந்து ஒதுங்கும் சுவரில்தான் சுவிட்ச் பெட்டி. இம்முறை மேகம் போட்டிருக்கிறார்கள்.